பேய்வீடு, ஒரு கருவி, இரண்டு குரல்: அறிவியல் புனைவு ஒலிக்கதை உருவாக்க முழு வழிகாட்டி

பேய்க்கதை சொல்ல ஆடியோவைப் போல வசதியான ஊடகம் வேறில்லை. இருட்டுக்கு செட் வேண்டாம், பேய்க்கு மேக்கப் வேண்டாம். அந்த வசதிதான் பலரைக் கெடுக்கவும் செய்கிறது. கதவு கிரீச், இடி, சலங்கை, பெண் சிரிப்பு, ஓநாய் ஊளை என்று கிடைப்பதையெல்லாம் இறக்கி அடுக்கிவிடுகிறார்கள். (ஓநாய் ஊளையை நேரில் கேட்ட தமிழர் எத்தனை பேர் இருப்பார்களோ, நம் பேய்க்கதைகளில் மட்டும் அது தவறாமல் வந்துவிடும்.) கேட்பவர் பயப்படுவதில்லை. அந்த ஓசைகளை ஏற்கனவே நூறு இடத்தில் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இங்கே சொல்லப்போகும் முறை நேர் எதிரானது. ஒரே ஓர் ஓசையை எடுத்துக்கொள்கிறோம். அது எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்பவரின் காதுக்குப் பழக்குகிறோம். நன்றாகப் பழகிய பிறகு அதை மாற்றுகிறோம். பயம் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது, சத்தத்தில் இல்லை.

அளவு இப்படி வைத்துக்கொள்ளலாம்: 12 நிமிடக் கதை, இரண்டு நடிகர்கள், ஒரே வீடு. சுமாரான ஒரு யூஎஸ்பி மைக், அது இல்லாவிட்டால் நல்ல போன். தொகுக்க ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும்.

படி 1: எந்த அறிவியல்?

பேய்வீடுகளுக்கு அறிவியல் சொன்ன விளக்கங்கள் நிறைய உண்டு. 1921இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்த குடும்பத்தைப் பற்றி எழுதினார். காலடிச் சத்தம், நெஞ்சை அழுத்தும் உணர்வு, யாரோ அருகில் நிற்பது போன்ற தோற்றம் எல்லாம் அவர்களுக்கு இருந்தன. காரணம், வீட்டைச் சூடேற்றும் பழுதான உலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு. 1998இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியைச் சேர்ந்த பொறியாளர் விக் டாண்டி இன்னொரு விளக்கத்தைப் பதிப்பித்தார். அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்று தெரிந்திருக்கிறது. ஒருநாள் இடுக்கியில் பொருத்தி வைத்த வாள்சண்டைக் கத்தி தானாக அதிர்வதைப் பார்த்து ஆராய்ந்தபோது, புதிதாக மாட்டிய விசிறி எழுப்பிய, காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் அலை பிடிபட்டது. இவை போக நம் ஊர் அமுக்குவான் இருக்கிறது. தூக்கத்தில் உடல் விழிக்காமல் மனம் மட்டும் விழித்துக்கொள்ளும் நிலை அது.

மூன்றுமே அருமையான தகவல்கள். ஆனால் கதையின் முடிவாக வைத்தால் சப்பென்று ஆகிவிடும். விசிறியை நிறுத்தியதும் பேய் போய்விட்டது என்றால் கேட்பவருக்கு மிஞ்சுவது ஏமாற்றம். அறிவியல் புனைவில் கருவியின் வேலை பேயை விரட்டுவது இல்லை. யாரும் மறுக்க முடியாதபடி அது அங்கே இருக்கிறது என்று காட்டுவதுதான். எனவே கருவைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகள் போதும். அந்தக் கருவி இயல்பாகவே ஓசை எழுப்புமா? அந்த ஓசை மாறினால், விளக்கம் இல்லாமலே கேட்பவருக்குப் புரியுமா?

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது மியூயான். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் துகள் இது. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று வீதம், நம்மையும் கூரையையும் தரையையும் துளைத்துக்கொண்டு போகிறது. இதை எண்ணிப் பெரிய ஆராய்ச்சி செய்யும் இடம் ஊட்டியிலேயே இருக்கிறது: டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3. 2014 டிசம்பர் 1ஆம் தேதி ஒரு இடிமேகம் கடந்தபோது மியூயான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்ததைக் கவனித்து, அந்த மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

கைக்கு அடக்கமான மியூயான் கருவிகளும் உண்டு. 25 சதுர சென்டிமீட்டர் தட்டு உள்ள கருவியில் நிமிடத்துக்கு 25 கிளிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி உயரத்தில் கொஞ்சம் கூடும். அந்த எண்ணிக்கை பாதியாகக் குறைய வேண்டுமானால் தலைக்கு மேல் சில மீட்டர் தடிமனுக்குப் பாறை இருக்க வேண்டும்.

கதைக் கரு: ஊட்டியில் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய பங்களாவில் தங்கி மியூயான் எண்ண வருகிறாள் ஓர் இளம் ஆய்வாளர். துணைக்கு அந்த வீட்டுக் காவலர். சில நேரங்களில் கிளிக் நின்றுவிடுகிறது. பாறையளவு அடர்த்தியான ஏதோ ஒன்று கருவிக்கு மேலே இருக்கிறது. அது எது என்பதுதான் கதை.

இப்படிக் கதையில் ஒரே ஒரு பொய்தான் இருக்க வேண்டும். மற்ற அறிவியல் எல்லாம் நிஜமாகவே இருக்கட்டும். இரண்டாவது பொய் வந்ததும் கேட்பவர் 'சரி, இதில் எதுவும் நடக்கலாம்' என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்.

படி 2: வீட்டைக் காதால் வரைதல்

ஸ்கிரிப்டுக்கு முன்னால் வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் போடுங்கள். ஒவ்வோர் அறைக்கும் பக்கத்தில், அங்கே என்ன கேட்கும் என்று எழுதுங்கள். ஊட்டிப் பங்களா இதற்கு வசதியானது. கண்ணாடி அடைத்த முன் வராண்டாவில் காற்று கண்ணாடியை அதிர வைக்கும். கூடத்தில் மரத்தரையும் கணப்பு அடுப்பும். சமையலறை தகரக் கூரை, தூறல் முதலில் கேட்பது அங்கேதான். பின்னால் இருக்கும் அறையில் கம்பளம் விரித்திருப்பதால் எதிரொலியே இல்லை.

அந்தக் கடைசி அறையைக் கவனியுங்கள். எதிரொலி மிகுந்த இடம்தான் பயமூட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடத்தில் ஐந்து நிமிடம் காது பழகிய பிறகு எதிரொலி சட்டென்று அறுந்துபோகும் அறைக்குள் நுழைந்தால், யாரோ கையால் காதைப் பொத்தியது போல இருக்கும்.

மூன்று அல்லது நான்கு இடங்களுக்கு மேல் வேண்டாம். ஒலிக்கதையில் ஐந்தாவது அறை யாருக்கும் நினைவில் நிற்காது.

படி 3: ஸ்கிரிப்ட்

பன்னிரண்டு நிமிடக் கதைக்கு வசனமும் கதைசொல்லலும் சேர்த்து ஆயிரம் சொல்லுக்குள் நிறுத்துங்கள். மீதி நேரம் ஓசைக்கும் மௌனத்துக்கும். எழுதியதை வாய்விட்டுப் படித்து, கடிகாரம் வைத்துப் பாருங்கள். கண்ணால் படித்துக் கணக்கிட்டால் தப்பாகத்தான் வரும்.

பழைய வானொலி நாடகங்களில் "ஐயோ, கதவு தானாகத் திறக்கிறதே!" என்று வசனம் வரும். கதவுச் சத்தமும் கேட்கும், வசனமும் வரும். இரண்டில் ஒன்றை வெட்டுங்கள், பெரும்பாலும் வசனத்தை. எந்தக் கதாபாத்திரமும் தான் பார்ப்பதை விவரிக்கக் கூடாது. தன்னால் புரிந்துகொள்ள முடியாததைப் பற்றிக் கேள்வி கேட்கலாம்.

பெயர் வைப்பதாக இருந்தால் ரமேஷ், சுரேஷ், மகேஷ் என்று ஒரே ஓசையில் வைக்காதீர்கள். இரண்டே பேர் உள்ள கதையில் பெயரே தேவையில்லை. அவள் அவரை 'அண்ணா' என்பாள், அவர் 'மேடம்' என்பார், போதும்.

இப்போது கதையின் மையத் தந்திரம். காவலருக்குக் காலடி ஓசை வைக்கவே வைக்காதீர்கள். தொடக்கத்திலிருந்தே மரத்தரையில் அவள் நடப்பது மட்டும்தான் கேட்க வேண்டும். அவர் குரல் தூரத்திலிருந்து கிட்டே வரும், விலகும், ஆனால் பலகை முனகாது. நன்றாகச் செய்தால் பத்து நிமிடம் வரை கேட்பவர் இதைக் கவனிக்க மாட்டார். கிளிக் நிற்கும் ஒவ்வொரு முறையும் அவர் குரல் மைக்குக்கு மிக அருகில் இருக்கும். இதையும் எந்த வசனமும் சொல்லாது.

மாதிரிக் காட்சி:

(கூடம். தூரத்தில் தகரக் கூரையில் தூறல். மரத்தரையில் அவள் நாலு அடி நடந்து நிற்கிறாள். சின்னப் பெட்டியைத் தரையில் வைக்கும் ஓசை. கிளிக்... கிளிக்கிளிக்... கிளிக்.)

காவலர் (தூரத்தில்): என்னங்க மேடம் அது, டிக்கு டிக்குனு?

ஆய்வாளர்: வானத்துல இருந்து வர்ற துகள்ணா. நம்மளத் துளைச்சுக்கிட்டுப் போகுது, அதைத்தான் எண்ணுது.

காவலர்: ஒண்ணும் வலிக்கலீங்களே.

ஆய்வாளர் (சிரித்து): வலிக்காதுண்ணா.

காவலர் (குரல் நெருங்குகிறது, காலடி இல்லை): நான் பாக்கலாங்களா? (மிக அருகில்) சின்னப் பெட்டிதானுங்களே.

(கிளிக். நீண்ட இடைவெளி. ஒன்றுமில்லை.)

ஆய்வாளர்: இருங்க... நின்னுடுச்சு.

காவலர் (விலகி): நான் ஒண்ணும் பண்ணலீங்க.

(கிளிக். கிளிக்கிளிக். கிளிக்.)

ஆய்வாளர்: இந்த ரூம்ல ஏதோ இருக்குண்ணா.

கடைசி வரியில் அவள் தவறாகப் புரிந்துகொள்கிறாள், அவளோடு கேட்பவரும். நடுப்பகுதி முழுக்க இந்தத் தவறின் மேல் ஓட வேண்டும். முதலில் அறையைச் சந்தேகிக்கிறாள். பிறகு இடியுடன் மழை வருகிறது, கிரேப்ஸ்-3 விஷயத்தை நினைத்து மேகத்தின் மேல் பழி போடுகிறாள். ஆனால் அவளே கணக்குப் போடுவாள்: 25 கிளிக் என்றால் சும்மாவே ஐந்து கூடும், குறையும்; 2 சதவீத மாற்றத்தை இந்தச் சின்னப் பெட்டி காட்டவே காட்டாது, அதுவும் ஒரேயடியாக நிற்பதற்கு மேகம் காரணமாக முடியாது. எட்டாவது நிமிடத்தில் அவர் சாவி எடுக்க வெளியே போகிறார். அவள் தனியாக அந்த அறைக்குள் போகிறாள். கிளிக் வழக்கம்போல இயங்குகிறது. இங்கே அவள் பேசாமல் இருக்கட்டும். அறை சரியாக இருக்கிறது என்பதன் அர்த்தத்தைக் கேட்பவர் தானே கண்டுபிடிக்க இருபது விநாடி கொடுங்கள்.

முடிவை இங்கே எழுதித் தரப்போவதில்லை. ஒன்று மட்டும்: காவலர் கெட்டவராக மாறி உறுமினால் எல்லாம் பாழ். கடைசி வரை அதே மரியாதை, அதே 'ங்க'.

படி 4: குரல் பதிவு

ஸ்டுடியோ வேண்டாம். மெத்தை, தலையணை, போர்வை நிறைந்த படுக்கையறை போதும். இரும்பு பீரோவுக்கு எதிரே மட்டும் உட்காராதீர்கள், அது குரலைத் தட்டித் திருப்பி அனுப்பும். மைக்குக்குப் பின்னாலும் பேசுபவரின் முதுகுக்குப் பின்னாலும் கனமான ஜமுக்காளம் அல்லது போர்வை தொங்கவிடுங்கள்.

மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்காமல் இருக்க, வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது பழைய வழி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவில் ஒரு ம்ம்ம் கேட்டால் அது 50இலோ 100இலோதான் இருக்கும், சார்ஜரைக் கழற்றினாலே பெரும்பாலும் போய்விடும். தெருநாயும் கோயில் ஒலிபெருக்கியும் நம் கையில் இல்லை, நேரம் பார்த்துத்தான் பதிய வேண்டும்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்து, மிகச் சத்தமான வரியும் -12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி அளவை வையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, மைக் வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். ப, ம்ப போன்ற எழுத்துகளின் காற்று அப்போது மைக்கில் அடிக்காது.

காவலர் நெருங்குவதையும் விலகுவதையும் பிறகு வால்யூம் ஏற்றி இறக்கிச் செய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நடிகர் நிஜமாகவே எழுந்து பின்னால் போய்ப் பேசட்டும், வெறுங்காலில், தரைவிரிப்பின் மேல். ஒருதிசை மைக்குகளில் வாய் அருகே வரும்போது குரலின் அடிப்பகுதி தானாகக் கனக்கும். அந்தக் கனம்தான் 'மிக அருகில்' என்பதைக் காதுக்குச் சொல்வது. விலகும்போது குரல் மெலிவதோடு அறையின் ஓசையும் கூடும். இரண்டையும் கணினியில் போலி செய்வது பெரிய வேலை.

எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையை மட்டும் பதியுங்கள். வசனங்களுக்கு இடையே வெட்டிய இடங்களை அடைக்க அது வேண்டும்.

படி 5: ஓசைகளைச் செய்தல்

இந்த வேலையில் மிகவும் சந்தோஷமான பகுதி இதுதான். 1958இல் பிபிசி, ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் என்று ஒரு பிரிவைத் தொடங்கியது. ஓசைகளைப் புதிதாக உண்டாக்குவதே அதன் வேலை. அங்கே பிரையன் ஹாட்ஜ்சன் 1963இல் ஓர் அறிவியல் புனைவுத் தொடரின் கால இயந்திரத்துக்கு ஓசை செய்தார். தன் அம்மா வீட்டுச் சாவியை ஒரு பழைய பியானோவின் தடித்த கம்பிகளின் மேல் உரசி, அதை நாடாவில் மாற்றி அமைத்தார். டெலியா டெர்பிஷைர் உலோக விளக்குக்கூடு ஒன்றைத் தட்டி, அந்த ரீங்காரத்திலிருந்து இசை நெய்தார். இரண்டிலும் மூலப்பொருள் வீட்டுப் பொருள்தான்.

நமக்கு முதலில் வேண்டியது கிளிக். இணையத்தில் கிடைக்கும் கெய்கர் கருவி (கதிர்வீச்சை அளப்பது) ஓசை வேண்டாம், கேட்டவுடன் அணு விபத்து ஞாபகம் வரும். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து கடுகை ஒவ்வொன்றாக உதிருங்கள். மியூயான் கடிகாரம் போலச் சீராக வராது. இரண்டு ஒட்டி வரும், பிறகு ஐந்து விநாடி ஒன்றும் வராது. விரலிலிருந்து உதிரும் கடுகுக்கும் கிட்டத்தட்ட அதே ஒழுங்கின்மை இருக்கிறது. தொகுக்கும்போது கட்டத்தில் சமமாக ஒட்டினால் கேட்பவருக்கு அது எந்திரமாகத் தெரியும், வானம் தெரியாது. ஒழுங்கில்லாமல் இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு: ஒவ்வொரு நீண்ட இடைவெளியிலும் 'நின்றுவிட்டதா?' என்று காது தானே கவலைப்படும். உண்மையில் நிற்கும்போது அதை உணரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தத் தாமதம்தான் கதையின் உயிர்.

தகரக் கூரை மழைக்கு பிஸ்கட் டின் மூடி மேல் அரிசியை மெதுவாகச் சரியவிடலாம், பக்கத்தில் நிஜ மழை பெய்தால் அதுவே மேல். மரத்தரைக்கு பழைய கட்டிலோ பலகையோ போதும். அவள் காலடிகளை ஒரே ஓசையை நகலெடுத்து ஒட்டாமல் முழுக் காட்சிக்கும் நடந்தே பதியுங்கள், நகல் காலடியைக் காது உடனே பிடித்துவிடும். இந்தக் கதையில் காது காலடியைக் கவனிக்காமல் இருப்பது அவசியம்.

காவலர் கருவிக்கு மேல் குனியும்போது மட்டும், கிட்டத்தட்டக் கேட்காத அளவில் தாழ்ந்த சுருதியில் ஓர் ஓசை சேர்க்கலாம். கிடாரின் தடித்த கம்பியைச் சாவியால் மெல்ல இழுத்துப் பதிந்து, வேகத்தைப் பாதியாக்குங்கள். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், நீளம் இரட்டிக்கும். இதையே மறுபடி பாதியாக்கினால் எந்தக் கருவி என்று யாராலும் சொல்ல முடியாது.

'டாண்டியின் 19 ஹெர்ட்ஸை நானும் போட்டால் கேட்பவர் நடுங்குவாரே' என்று ஆசைப்பட வேண்டாம். போன் ஸ்பீக்கரில் அது வெளியே வரவே வராது, ஃபைலில் இடத்தை அடைத்துக்கொண்டு மற்ற ஓசைகளின் அளவைக் கெடுப்பதுதான் மிச்சம். உங்கள் பயமுறுத்தும் ஓசை 300 ஹெர்ட்ஸுக்கு மேலும் கொஞ்சம் இருக்கட்டும், அப்போதுதான் போனில் கேட்பவருக்கும் எட்டும்.

படி 6: கலவை

நான்கு அடுக்குகள்: குரல், அறை, கிளிக், நிகழ்வு ஓசைகள். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிடுங்கள்.

வீட்டின் எதிரொலிக்கு, நிஜமாகவே ஒரு பழைய வீட்டின் கூடம் கிடைத்தால் அங்கே ஒரு பலூனை உடைத்துப் பதிந்துகொண்டு வாருங்கள். கன்வல்யூஷன் ரிவெர்ப் என்ற வகை பிளக்-இன், அந்த ஒற்றை வெடிப்பிலிருந்து அறையின் எதிரொலியைக் கற்று, உங்கள் குரலை அதே கூடத்தில் உட்கார்த்தி வைக்கும். ரீப்பர் என்ற தொகுப்பு மென்பொருளில் இது ரியாவெர்ப் என்ற பெயரில் கூடவே வருகிறது. படுக்கையறையில் பதிந்த குரலும் கட்டிலில் பதிந்த காலடியும் ஒரே வீட்டுக்குள் வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இடது வலது விளையாட்டை அளவோடு வையுங்கள். ஒலி பக்கவாட்டிலிருந்து வரும்போது இரண்டு காதுகளுக்கும் இடையே ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான வித்தியாசம்தான், மூளை அதிலிருந்தே திசையைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் 'முதுகுக்குப் பின்னால்' என்பதைச் சாதாரண இடது வலது திருகால் செய்ய முடியாது. அதற்கு பைனாரல் பதிவு (இரண்டு காதுகளின் இடத்தில் இரண்டு மைக் வைத்துப் பதிவது) வேண்டும், கேட்பவரிடம் ஹெட்போனும் வேண்டும். முடிந்ததும் மோனோவில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். அங்கே கிளிக் காணாமல் போனால் கதையே காணாமல் போகிறது.

திடீரென்று அலறவிட்டுத் திடுக்கிட வைப்பதை நான் இந்த வகைக் கதையில் சேர்க்க மாட்டேன். ஹெட்போனில் கேட்பவர் எரிச்சலோடு கழற்றி வைத்துவிடுவார். மொத்த அளவை ஸ்டீரியோ என்றால் -16 எல்யூஎஃப்எஸ் (மொத்தச் சத்தம் காதுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதன் அலகு), மோனோ என்றால் -19, உச்சம் -1 டெசிபலுக்குக் கீழ் என்று வைப்பது பாட்காஸ்ட் வழக்கம். ஆடாசிட்டியில் லவுட்னஸ் நார்மலைசேஷன் இதைச் செய்துவிடும்.

படி 7: சோதனை, வெளியீடு

கதை தெரியாத ஒருவரை அழைத்து, ஹெட்போன் கொடுத்து, விளக்கை அணைத்துக் கேட்க விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்காதீர்கள், மரியாதைக்காகப் பயந்து காட்டுவார்கள். முடிந்ததும் 'நல்லா இருந்துச்சா?' என்று கேட்பதில் பயனில்லை. ஒரு தாளைக் கொடுத்து வீட்டின் வரைபடத்தைப் போடச் சொல்லுங்கள். கூடமும் கம்பள அறையும் சரியான இடத்தில் வந்தால் உங்கள் கலவை வேலை செய்திருக்கிறது. பிறகு, கிளிக் எப்போதெல்லாம் நின்றது என்று கேளுங்கள். 'அந்த ரூமுக்குள் போனபோது' என்று ஐந்தாவது நிமிடம் வரையும், 'அந்த ஆள் கிட்டே வந்தபோது' என்று பத்தாவது நிமிடத்துக்குப் பிறகும் நினைத்திருக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடத்திலேயே காவலரைச் சந்தேகித்தார் என்றால், அவர் குரல் அளவுக்கு மீறி நெருக்கமாக இருக்கிறது, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள். கடைசி வரை பிடிபடவே இல்லை என்றால் எட்டாவது நிமிடக் காட்சியில் அவள் தனியாக நிற்கும் மௌனத்தை நீட்டுங்கள், வசனம் சேர்க்க வேண்டாம்.

ஃப்ரீசவுண்ட் போன்ற தளங்களிலிருந்து ஏதாவது ஓசை எடுத்திருந்தால் ஒவ்வொன்றின் உரிமத்தையும் பாருங்கள். சிசி0 (பதிந்தவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்தது) என்றால் கவலையில்லை, சிலவற்றுக்குப் பதிந்தவர் பெயரைப் போட வேண்டும், 'வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டும்' என்றிருப்பதை விளம்பர வருமானம் வரும் சேனலில் பயன்படுத்த முடியாது. எடுக்கும்போதே ஒரு தாளில் பெயரும் உரிமமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது. கதை முடிந்ததும் நடிகர், ஓசை விவரம் எல்லாவற்றையும் விளக்கக் குறிப்பில் எழுத்தாகப் போடுங்கள். குரலில் வாசித்தால் கடைசிக் கிளிக்குக்குப் பிறகு வர வேண்டிய மௌனம் கெட்டுப்போகும். அங்கே ஐந்து விநாடியாவது வெற்று அறை ஓசையை விட்டுவிட்டு ஃபைலை முடியுங்கள், இல்லையென்றால் பல ஆப்களில் அடுத்த பாட்காஸ்ட்டின் விளம்பரம் உடனே ஆரம்பித்துவிடும்.